மலை தாண்டாத பன்றி

மலையேற்றத்தில், சுரங்கப்பாதைக்குச் சற்று முன்னால் வண்டி நின்றதும் மைலேவுக்கு முதலில் நினைவு வந்தது பின்னால் போர்வைக்குள் படுத்திருந்த பன்றிதான். கணவன் மகோவாவிடம் அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் வண்டியை எடுத்திருக்க மாட்டான் என்பது அவள் கணக்கு.

பாலி என்ற இந்த மலைச் சாலையில் பன்றிக்கறியோடு மலையைத் தாண்டக் கூடாது என்பது தீவில் குழந்தைக்கும் தெரியும். எரிமலைத் தெய்வம் பெலேயும் அவளுடைய பழைய காதலன், பன்றி மனிதன் கமாபுவாவும் அடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்ட ஊர் இது. மழைப் பக்கம் அவனுக்கு, வெயில் பக்கம் அவளுக்கு. அவன் வாடை எல்லையைத் தொட்டால் வண்டி நின்றுவிடும்.

கறியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஏதாவது ஒரு நாய்க்குப் போட்டுவிட்டுப் போகலாம். இது ஆள் உயரத்துக்கு அவளே தீட்டிய படம். வரைந்த பன்றியும் பன்றிக் கணக்கில் வருமா என்று யாரிடம் கேட்பது?

மகோவா ஸ்டியரிங்கின் மேல் கைகளைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையில் என்ன இருக்கிறது என்று விசாரித்தான். மீனும் சேப்பங்கிழங்குக் கூழும் என்றாள்.

"இலையில கட்டின பன்றிக்கறி ஒண்ணுகூட இல்லையா?"

"சத்தியமா இல்ல."

"பின்னால இருக்கறது கடல் படம்தானே?"

"ம்."

"கடல் தெய்வம் பெலேயோட அக்கா. அக்கா தங்கச்சிக்குள்ள ஆகாதுதான். அதுக்காகப் படத்தையெல்லாமா மறிப்பா?"

சொல்லிவிட்டு மோவாயைத் தடவினான். போன வாரம்தான் தாடியை எடுத்திருந்தான். கல்யாணத்துக்கே எடுக்காத தாடி. ஏன் என்று கேட்டதற்கு, வயலில் வியர்க்கிறது என்றான். பழகாத அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவளால் படிக்க முடியவில்லை.

நகரத்துக் கண்காட்சியில் நண்பகலோடு படம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இத்தனை வருடமும் அவள் அனுப்பிய கடல்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அழகாக இருக்கிறது, ஆனால் உள்ளே யாருமே இல்லை என்று அங்கே ஒருத்தி சொல்லியனுப்பியிருந்தாள். இந்த முறைதான் உள்ளே ஆள் இருந்தான். இன்று விட்டால் இன்னொரு முறை அவளுக்குத் துணிச்சல் வராது.

அன்றொரு நாள் மகோவா சேப்பங்கிழங்கு வயலிலிருந்து வந்து, கழுவிவிட்ட தரையில் சேற்றுக் காலோடு நடந்து, நாற்காலியில் விழுந்து குறட்டை விட்டான். அந்தக் கோபத்தில்தான் முதல் கோட்டை இழுத்தாள். மூக்கு, முள்முள்ளாகத் தாடி, மண்ணைக் கிளறும் தோள்கள். அவன் வீட்டில் தங்கள் வம்சமே கமாபுவாவிடமிருந்து வந்தது என்று பெருமை பேசுவார்கள். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கோபம் தீர்ந்த பிறகும் கை நிற்கவில்லை. வரைய வரைய அந்தக் கண்களின் மேல் அவளுக்கே ஆசை வந்தது. அவனைப் பன்றி என்று திட்டுவது சுலபம். இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

மகோவா சாவியைத் திருப்பினான். சின்னதாக ஒரு ஓசை, அவ்வளவுதான்.

"ஒளிச்சு எடுத்துட்டுப் போனாத்தான் பெலேவுக்கு ஆகாதாம். உள்ளதைச் சொல்லிட்டா வழி விட்டுடுவாளாம்."

"அப்படின்னு யார் சொன்னா?"

"எங்க வம்சத்துல சொல்லுவாங்க."

மைலே இறங்கினாள். சாரல் முகத்தில் அடித்தது. அவனைப் பார்த்துச் சொல்ல முடியாமல், ஜன்னலோரம் நின்று மலையைப் பார்த்துச் சொன்னாள்.

"கடல் இல்ல. கமாபுவா."

"சரி."

"முகம் உன்னோடது."



"தாடியோடயா?"

"தாடியோட."

"கோவத்துல வரைஞ்சியா?"

"ஆரம்பிக்கறப்ப."

"முடிக்கறப்ப?"

காற்று அவள் பேச்சை அள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. போனால் போகட்டும் என்றுகூட இருந்தது. ஆனால் வண்டி போக வேண்டுமே.

"முடிக்கறப்ப, பெலே எதைப் பாத்து மயங்கினான்னு எனக்குப் புரிஞ்சுது."

மகோவா சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே வண்டி உறுமிக் கிளம்பியது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கழுத்திலிருந்த பூமாலையைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். சுரங்கத்தின் இருட்டில் அவன் முகம் தெரியாதது நிம்மதியாக இருந்தது.

"பெலே காதுல வாங்கிட்டா, மகோவா. நம்மள விட்டுட்டா," என்றாள் மெதுவாக.

சுரங்கம் முடிந்து வெயில் பக்கம் வந்ததும், அவன் மொழுமொழுவென்றிருந்த மோவாயை இன்னொரு தடவை தடவிக்கொண்டான்.

"போன வாரம் படத்தைப் பாத்துட்டுத் தாடியை எடுத்தவன்தான், இன்னிக்கு வண்டியையும் நிறுத்தினான்."