சொந்தமில்லாத சாட்சி

"ஹோகான், உனக்கும் இந்தப் பொண்ணுக்கும் சொந்தபந்தம் ஏதாச்சும் உண்டா?"

கேட்டவர் நடுவர் குனில்லா. ஸ்கேட்போர்டு சாதனை ஓட்டத்துக்கு முன்னால் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாக வேண்டிய கேள்வி அது. ரத்த சொந்தம் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உலக சாதனை செல்லாது.

"பேரு தெரியும். அவ்வளவுதான்," என்றார் ஹோகான். தேவாலயச் சரிவில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

டூவா குனிந்து ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடமும் அதே கேள்வி வந்தது. நிமிராமலே இல்லை என்று தலையாட்டினாள்.

அப்பா யார் என்பதை அம்மா அன்னிகா அவளிடம் ஒளித்ததே இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவளே போய் ஹோகான் வீட்டு மணியை அடித்திருக்கிறாள். அன்னிகாவோட பொண்ணு என்று சொல்லி முடிப்பதற்குள், வீடு மாறி வந்துட்டே பாப்பா என்று கதவைச் சாத்திவிட்டார்.

டூவாவின் தாடையைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும், ஹோகானை உரித்து வைத்திருக்கும். ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதது போரோஸ் ஊர்க்காரர்களின் மரியாதை.

வேறு சாட்சி வைத்துக்கொள்ள வழியில்லை. பழைய சாதனைக்குச் சொந்தக்காரர்தான் புதியதற்குச் சாட்சி நிற்க வேண்டும் என்பது சாதனையைப் பதிவு செய்யும் கழகத்தின் வழக்கம். பழைய சாதனை ஹோகானுடையது. அவர் மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் டூவாவுக்கு இல்லவே இல்லை. அவள் பிறந்த நாளிலிருந்து இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் அது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஸ்கேட்போர்டை மறந்துவிடும்மா என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை.

சரிவு நெடுக நூறு கூம்புகள். அவற்றின் இடையே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம். பலகை உரசினால் குற்றமில்லை. கூம்பு வட்டத்தை விட்டு நகர்ந்தால் தீர்ந்தது.

டூவா இறங்கினாள்.

காலால் உந்துவதெல்லாம் தொடக்கத்தில் மட்டும்தான். பிறகு இடுப்பை முறுக்கி முறுக்கியே வேகம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறுக்குக்கும் முழங்கால் உயிரை வாங்கியது. பாதிக்கு மேல் ஒரு கூம்பு ஆடிற்று, ஆடி நின்றது. முடிவுக் கோட்டைத் தாண்டி, அங்கே கையை விரித்துக் காத்திருந்த அம்மாவின் மேல் மோதித்தான் நின்றாள்.

பழைய நேரத்தைத் தாராளமாக முந்தியிருந்தாள்.

இனி வட்டங்களைச் சரிபார்க்க வேண்டும். குனில்லா நடந்தபடி பார்த்துக்கொண்டே வந்தார். ஹோகான் ஒவ்வொரு கூம்புக்கும் மண்டியிட்டார். ஆடிய கூம்பின் அருகே தரையில் கன்னம் படக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுகூட நகரல," என்றார். அந்த மட்டுக்கும் பொய் சொல்லவில்லை.

குனில்லா கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். ஹோகான் வாங்கினார், மூடியைத் திறந்தார், மறுபடி மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"என்னால முடியாது, குனில்லா. காலைல பொய் சொல்லிட்டேன். டூவா என் பொண்ணு."

கண்ணீர்கூட வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ.

அந்த வார்த்தைக்காக டூவா எத்தனை வருடம் ஏங்கியிருப்பாள்! வெட்கங்கெட்ட மனசு, கேட்டதும் ஒரு கணம் குளிர்ந்தே போயிற்று. அதற்குப் பிறகுதான் சாதனை போய்விட்டது என்பது உறைத்தது. ஓட்டம் முடிந்தபின் சாட்சியை மாற்ற விதி இல்லை. பழைய நேரமே, பழைய பெயரிலேயே நிற்கும்.

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று ஒரு கிழவர் வியந்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவனுக்கு எந்த ஊரிலும் நல்ல பெயர்தான்.

குனில்லா டூவாவின் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றால் காலையில் அவளும் பொய் சொன்னவள். போட்டியாளர் பொய் சொன்னால் மன்னிப்பு கிடையாது. இதுவரை ஜெயித்த பட்டங்களையும் பிடுங்கிக்கொண்டு பெயரை அடித்துவிடுவார்கள். அந்தப் பட்டங்களை விட்டால் அவள் கையில் ஒன்றும் இல்லை.

ஹோகான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமே இல்லை.

"தெரியாது," என்றாள் டூவா. "அம்மா எங்கிட்ட சொன்னதே இல்ல."

எல்லாத் தலைகளும் அன்னிகாவின் பக்கம் திரும்பின. அப்பனிடமிருந்து மகளையும் மகளிடமிருந்து அப்பனையும் மறைத்து வைத்த பாவியைப் பார்க்க வேண்டாமா?

அன்னிகா மகளை மட்டும் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "நான் சொல்லல."

ஹோகான் டூவாவின் கையைப் பற்றி அழைத்துக்கொண்டு அன்னிகாவிடம் போனார்.

"போனது போகட்டும், அன்னிகா. நான் உன்ன மன்னிச்சிட்டேன்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். டூவாவின் கையை ஹோகான் விடவில்லை. விட்டிருந்தால் அவளும் தட்ட வேண்டியிருந்திருக்கும்.