முந்தி வந்த பதில்

காய்ச்சல் விட்டு எழுந்ததிலிருந்து கலையரசன், மனைவி பூங்கொடி மனதில் நினைப்பதற்கெல்லாம் வாய்விட்டுப் பதில் சொன்னான். புளி தீர்ந்துவிட்டதே என்று நினைத்தால், "சாயந்திரம் வாங்கினு வரேன்" என்பான். முட்டுக்காட்டில் இருக்கும் அம்மாவின் நினைப்பு வந்தால், "ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வா" என்பான். கேட்டால், "நீதான சொன்ன?" என்று அவன்தான் திகைப்பான்.

முதலில் பயந்தவளுக்குப் போகப் போகப் பழகிவிட்டது. அவனைத் திட்டத் தோன்றும்போது மட்டும் அவசரமாக வேறு எதையாவது நினைத்துக்கொள்வாள்.

போன வாரம் பதில்கள் முந்த ஆரம்பித்தன. "குடை பீரோ மேல கீது" என்று அவன் சொன்ன பிறகே, குடை எங்கே என்ற நினைப்பு அவளுக்கு வந்தது.

இன்று காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைக் கீழே வைத்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"சரி, போ. நான் தடுக்கல. பாப்பாவ மட்டும் வுட்டுட்டுப் போ."

"இன்னாயா சொல்ற? நான் ஒண்ணுமே நெனைக்கலியே!"

"இப்பத்தான சொன்ன?"

மறைமலைநகர் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

பூங்கொடி அடுப்பை அணைத்தாள். தூங்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நினைப்பு வருவதற்காகக் காத்திருந்தாள்.