ஐந்தாவது கோடு

நாற்பது வருடமாக ஜாஸ் விமர்சனம் எழுதுகிறவர் அவர். கச்சேரியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். ஒவ்வொருவரும் தனியாக வாசித்து முடிக்கும்போது நோட்டில் ஒரு கோடு போடுவார். அந்த ஞாயிறு மதியம் ஐந்து கோடுகள் விழுந்திருந்தன.

மறுநாள் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "அண்ணே, மேடையில இருந்தது நாலு பேரு. டிரம்பெட்டே கிடையாது. நீங்க அதுக்கு ஒரு பத்தி எழுதியிருக்கீங்க."

"காதுல விழுந்ததைத்தான் எழுதியிருக்கேன். ஒரு வரியை எடுத்தாலும் என் பேரையும் சேர்த்து எடுத்துடு."

அடுத்த ஞாயிறும் அதே குழு. அவர் முதல் வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்தார். பியானோ, சாக்ஸபோன், ஆளுயரத் தந்தி வாத்தியமான பாஸ், டிரம்ஸ். நான்காவது கோடு போட்டதும் பாஸ்காரர் அரையடி நகர்ந்து யாருக்கோ வழிவிட்டார். டிரம்பெட் கேட்டது.

வேகமான இடத்தில் அது தாளத்தை முந்திக்கொண்டு ஓடியது. விமர்சகருக்குத் தெரிந்து அப்படி ஓடுகிறவர் ஒரே ஒருவர்தான். அவசரக்காரர் என்று அந்த ஆளைக் கிழித்து எழுதியதும் இவர்தான். பத்து வருடம் முன்பு இரங்கல் குறிப்பு எழுதியதும் இவர்தான்.

'இப்போதும் அவசரம்தான்' என்று நோட்டில் எழுதினார்.

டிரம்பெட் சட்டென்று நின்றது. மற்றவர்களும் நிறுத்தினார்கள். எழுதிய வரியின் மேல் ஒரு சொட்டு நீர் விழுந்தது. டிரம்பெட்காரர்கள் குழாயில் தேங்கிய எச்சிலைத் தட்டிவிடுவார்களே, அதுபோல. வெதுவெதுப்பாக இருந்தது.

விமர்சகர் அதைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"மூஞ்சியிலயே துப்பினாலும் மாத்தி எழுதமாட்டேன்," என்றார் காலியான இடத்தைப் பார்த்து. "வேணும்னா முதல்லேருந்து வாசி."

டிரம்ஸ்காரர் யாருக்கோ தலையாட்டிவிட்டு, குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினார். இந்த முறை கொஞ்சம் மெதுவாக.