ஏழு பட்டைகள்

பச்சை தெரிந்தது.

தெரியக் கூடாது.

அவன் மைக்ராஸ்கோப்பின் குமிழைத் திருகி மறுபடி பார்த்தான். பழ ஈயின் கரு, ஒரு ரவை மணி அளவு. அதன் நடுவில் திட்டாகப் பச்சை. தடைப் புரதம் இருக்கும் இடத்தில்தான் அந்தச் சாயம் ஒட்டும்.

இந்தக் கருக்களில் அந்தப் புரதமே கிடையாது என்று போன வாரக் கூட்டத்தில் மார்தட்டியவன் அவன்.

விட்டால் பட்டை போடும் மரபணு கண்ட இடத்திலும் விழித்துக்கொள்ளும். இங்கே வேண்டாம் என்று அதை அடக்கி வைப்பது அந்தப் புரதம். அடங்கிய இடம் இடைவெளி, அடங்காத இடம் பட்டை. அப்படித்தான் கருவில் ஏழு பட்டைகள் விழுகின்றன.

புரதம் இல்லாமலே எனக்கு ஏழும் விழுந்தன என்றான் அவன், அந்தக் கூட்டத்தில்.

புரதம் போனால் பட்டைகள் கலங்கிவிடுகின்றன என்றாள் பெனிட்டா. ஆய்வகத்தில் அவனுக்கு இளையவள். தன் ஈக்களின் படமும் காட்டினாள்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும்.

இப்போது பச்சை. ஐயோ.

எங்கே பிசகியது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான். புதிதாய்ப் பிறந்த பெண் ஈக்கள் சில மணி நேரம்தான் ஆணைச் சேர்க்காது. அதற்குள் பிரித்துவிட வேண்டும். இவன் நண்பனின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, மத்தியானம் ஏப்பத்தோடு வந்து பிரித்தான். புட்டியிலிருந்த, புரதம் உள்ள சாதாரண ஆண்களோடு அவை எப்போதோ சேர்ந்துவிட்டன. அப்பன் வழியில் புரதமும் வந்துவிட்டது. இவன் பாயசம் குடித்து முடிக்கும்வரை காத்திருக்க ஈக்களுக்கு என்ன தலையெழுத்தா?

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே.

கதவைத் திறந்துகொண்டு பெனிட்டா வந்தாள்.

"அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. சார் வேற தலைப்பு எடுக்கச் சொல்லிட்டாரு. என் ஈயையெல்லாம் காலையிலயே ஸ்பிரிட்ல கொட்டிட்டேன்."

இரண்டு வருடம் கலந்து கலந்து அவள் உண்டாக்கிய வம்சம். வேறெங்கும் அது கிடையாது.

"நீங்க சொல்லலேன்னா இன்னும் எத்தனை நாள் ஏமாந்திருப்பேனோ."

நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னாள்.



அவன் ஸ்டூலை விட்டு எழுந்து அவளுக்கு இடம் விட்டான்.

"என் ஸ்லைடு," என்றான்.

அவள் குனிந்தாள்.

வெகு நேரம் நிமிரவே இல்லை.