பின்பக்கக் கதவு

இதில் ஒரு சொல் பொய்யானாலும் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றே உதிரட்டும். சுரங்க ரயில் நிலையத்தின் லிஃப்டுக்குள் அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நுழைகிறேன். பதினோரு மணிக்குக் கண் டாக்டர். விட்டால் இனி மூன்று மாதம் கழித்துத்தான். கூடவே ஏழு பேர் ஏறுகிறார்கள். உலக வழக்கப்படி எல்லோரும் நுழைந்த கதவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறோம். நாற்காலியைத் திருப்ப இடமில்லாததால் அக்கா மட்டும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். மேலே விளக்கு சிணுங்குகிறது. லிஃப்ட் இறங்கி நிற்கிறது. எங்கள் கதவு திறக்கவில்லை. "தம்பி, இந்தப் பக்கம் தொறந்திருக்குடா. ரயில் நிக்குது" என்கிறாள் அக்கா. "அது கண்ணாடி. உன் கண்ணை நம்ப முடியாமத்தானே டாக்டர்கிட்ட போறோம்!" என்கிறேன். பிடரியில் குளிர்காற்று அடிக்கிறது. மின்விசிறி என்கிறார் குடை வைத்திருப்பவர். பொத்தானை அழுத்துகிறோம். இப்போது கதவு திறக்கிறது; நாங்கள் ஏறிய இடத்தில் பார்த்த அதே டிக்கெட் கவுன்ட்டர், அதே கடிகாரம். "நாம மேல வந்தோமா, கீழ வந்தோமா?" என்கிறார் அவரே. மறுபடி அழுத்துகிறோம். இப்படி ஒன்பது தடவை. "கண்ணு தெரிஞ்ச மகராசனுங்களா, நல்லா இருங்க" என்று அக்கா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு சுவருக்குள் போகிறாள். ரயில் கிளம்பும் சத்தம் கேட்கிறது. நாங்கள் எங்கள் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பற்கள் போனால் போகட்டும், அந்த நிலையத்தில் லிஃப்டே கிடையாது, அறுபத்திரண்டு படிகள்தான்.