அப்பீல் வேண்டாம்

“அப்பீலே வேண்டாம்னு எழுதிக் கொடுக்கறியா? உனக்கென்ன மூளை கலங்கிப்போச்சா?”

சிறையின் பார்வையாளர் அறையில் வக்கீல் பொரிந்து தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்த பூட்டு ரிப்பேர்க்காரன், தாளில் கையெழுத்துப் போடும் இடத்தை நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

“ஆறு மாசம்தானே சார். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

“செய்யாத தப்புக்கு எதுக்குய்யா ஆறு மாசம்? நீலச் சட்டைன்னு செருப்புக்கடைக்காரர் சொன்னா ஆச்சா? ஊர்ல உன்கிட்ட மட்டும்தான் நீலச் சட்டை இருக்கா?”

“சத்தியமா அந்தக் கடையை நான் உடைக்கல சார்.”

“அப்புறமென்ன? அந்தச் சனிக்கிழமை மதியம் நீ எங்க இருந்தேன்னு மட்டும் சொல்லு. மேல்கோர்ட்டுல கேஸைத் தவிடுபொடியாக்கறேன். நான் எடுத்த அப்பீல் எதுவும் இதுவரைக்கும் தோத்ததில்ல.”

“அதைச் சொன்னா நீங்களே கேஸை விட்டுடுவீங்க சார்.”

சிரித்தபடி கையெழுத்துப் போட்டான். வக்கீலும் வேண்டாவெறுப்பாக அதன் கீழே கையெழுத்திட்டார். காவலர் தாளை வாங்கிக்கொண்டு போனார். நேரம் பார்க்க இடது கையைத் திருப்பிய வக்கீல், வெறும் மணிக்கட்டைப் பார்த்து அலுத்துக்கொண்டே எழுந்தார்.

“சார், எனக்காக இவ்வளவு அலைஞ்சீங்க. அதனால சொல்றேன். உங்க வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள்ல நாலு ஸ்க்ரூவும் லூசு. முதல்ல அதை மாத்துங்க.”

“சரி சரி” என்று தலையாட்டிக்கொண்டே வாசல்வரை போன வக்கீலின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

கல்யாணத்தில் மாமனார் போட்ட கைக்கடிகாரம் வக்கீல் வீட்டு அலமாரியிலிருந்து காணாமல் போனதும் அதே சனிக்கிழமை மதியம்தான்.