இதயத்தில் வைத்த பொட்டு

ஆயுதபூஜையன்று ஒரகடம் பள்ளியின் அறிவியல் டீச்சர் ஜெயம், பிளாஸ்டிக் மனித உடல் மாதிரியைக்கூட விட்டுவைக்கவில்லை. கணவர் கம்பெனியில் மெஷினுக்கு மெஷின் பொட்டு வைப்பார்களாம். அதேபோல நுரையீரல், கல்லீரல், இதயம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, சந்தனப் பொட்டு வைத்து மாட்டினார்.

விடுமுறை முடிந்து, ஆறாம் வகுப்பில் பாடம் நடத்த இதயத்தைக் கழற்றினார். பொட்டு காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தார்.

"மெதுவா தொடைங்க டீச்சர், கூசுது," என்றான் முதல் பெஞ்சு அஸ்வின்.

"உனக்கு எங்கடா கூசுது?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினான். இடது மார்பில் சந்தனப் பொட்டு பாதி அழிந்து, ஈரமாக இருந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். மணி அடித்தது. கையிலிருந்த இதயத்தை இறுக்கிப் பிடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் துணியாமல் நின்றார் ஜெயம்.